399 டாலருக்குக் கைதட்டியவர்கள்

கேம் கன்சோல் உலகில் சோனி ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகும் நாள் ஒன்று உண்டு. 2013 ஜூன் 10. லாஸ் ஏஞ்சலீஸில் இ3 கண்காட்சியை ஒட்டி, காலையில் மைக்ரோசாப்ட் மேடையேறி எக்ஸ்பாக்ஸ் ஒன் விலை 499 டாலர் என்றது. மாலையில் சோனி மேடையேறி ப்ளேஸ்டேஷன் 4 விலை 399 டாலர் என்றது. அரங்கில் எழுந்த ஆரவாரத்தில் முதல் நாள் முதல் காட்சி தோற்றது போங்கள்!

விலை மட்டுமா காரணம்? மைக்ரோசாப்ட் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது இணையத்தோடு பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் கேம் ஓடாது. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கை விற்கவோ நண்பனுக்குக் கொடுக்கவோ ஆயிரத்தெட்டு நிபந்தனை. இணைய வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, அவர்களுக்குத்தான் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறதே என்கிற தொனியில் பதில் சொன்னார் அந்தப் பிரிவின் தலைவர் டான் மேட்ரிக். எதிராளி இப்படிக் கழுத்தை நீட்டினால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

சோனி சும்மா இருக்கவில்லை. செகண்ட் ஹேண்ட் கேம்களுக்குப் புதிய தடை எதுவும் கிடையாது என்று ஜாக் ட்ரெட்டன் மேடையில் அறிவித்தார். ஒருவர் இன்னொருவர் கையில் டிஸ்க்கைக் கொடுக்கிறார், அவ்வளவுதான், பகிர்ந்தாகிவிட்டது என்று 22 விநாடி வீடியோ ஒன்றும் வந்தது. பிரமாதமான கிண்டல், அதை மறுப்பதற்கில்லை. உலகமே விழுந்து விழுந்து சிரித்தது.

சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இன்னொரு செய்தி சத்தமில்லாமல் வந்தது. ப்ளேஸ்டேஷன் 4-ல் மற்றவர்களோடு ஆன்லைனில் ஆட இனி ப்ளேஸ்டேஷன் ப்ளஸ் சந்தா கட்ட வேண்டும். ப்ளேஸ்டேஷன் 3-ல் 2006-லிருந்து இலவசமாகக் கிடைத்த விஷயம் அது. எக்ஸ்பாக்ஸ்காரனைப் பார்த்து "நீ ஆன்லைனுக்குக் காசு கட்டுகிறாய், நாங்கள் கட்டுவதில்லை" என்று சோனி ரசிகர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டதே அதை வைத்துத்தான். அதைப் பிடுங்கிக்கொண்ட நாளையே திருவிழாவாகக் கொண்டாடியவர்களை என்னவென்று சொல்வது?

கணக்கு ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. அமெரிக்காவில் ஓராண்டுச் சந்தா அப்போது சுமார் 50 டாலர், 2016 செப்டம்பரிலிருந்து 60 டாலர். ப்ளேஸ்டேஷன் 4 வந்த 2013 நவம்பரிலிருந்து அடுத்த கன்சோல் வந்த 2020 நவம்பர் வரை 7 ஆண்டுகள். முதல் மூன்றுக்கு 150, மிச்ச நான்குக்கு 240. ஆக 390 டாலர். அதாவது இன்னொரு கன்சோல்! (தள்ளுபடியில் சந்தா வாங்கியவர்களுக்குக் கொஞ்சம் குறைந்திருக்கும்.) எதிராளியைவிட 100 டாலர் மலிவு என்று கைதட்டி வாங்கிய யானைக்கு, தீனிச் செலவு யானை விலைக்கே வந்து நின்றது.

மாதாமாதம் சில கேம்கள் கொடுத்தார்களே, சர்வர் செலவு இருக்கிறதே என்று வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. கேம்கள் கொடுத்தது உண்மை. சந்தாவை நிறுத்தினால் அவை ஓடாது என்பதும் உண்மை. சர்வர் கதைதான் இடிக்கிறது. அந்தக் காலத்துப் பல கேம்களில் ஆட்டத்தை நடத்தியதே ஆடுகிற ஒருவரின் கன்சோல்தான், சோனியின் சர்வர் அல்ல. கம்ப்யூட்டரில் ஸ்டீம் வழியாக ஆடுகிறவர்களிடம் ஆன்லைன் கட்டணம் என்று யாரும் உண்டியல் குலுக்கவில்லை. 2002-லிருந்தே எக்ஸ்பாக்ஸ்காரர்கள் முணுமுணுக்காமல் கட்டுகிறார்கள், நாமும் வாங்கினால் என்ன என்று சோனிக்குத் தோன்றியது. இதில் தொழில்நுட்பம் எங்கே இருக்கிறது?

மைக்ரோசாப்டை உத்தமனாக்க வேண்டாம். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திட்டித் தீர்த்ததும் ஒன்பதே நாளில், ஜூன் 19 அன்று, அந்த நிபந்தனைகளை எல்லாம் மைக்ரோசாப்ட் வாபஸ் வாங்கியது. (வாங்கிய கேம்களைக் குடும்பத்தில் 10 பேர் வரை பகிரலாம் என்றிருந்த ஒரே நல்ல திட்டத்தையும் சேர்த்து மூட்டை கட்டியது, அது வேறு சோகம்.) அடுத்த ஆண்டு கினெக்ட் கேமரா இல்லாமல் 399 டாலருக்கே விற்கவும் இறங்கி வந்தது. வாடிக்கையாளன் கத்தினால் இவ்வளவு பெரிய கம்பெனியும் பணியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சோனியின் சந்தாவைப் பார்த்தும் அதே தொண்டையில் கத்தியிருக்கலாம். கத்த வேண்டியவர்களில் பாதிப்பேர் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தங்கள் ஹீரோ வில்லனை அடித்த சந்தோஷத்தில் தங்கள் பாக்கெட்டை யார் தடவுகிறார்கள் என்று பார்க்கவில்லை.

இ3 கண்காட்சியே 2023 டிசம்பரில் நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஓராண்டுச் சந்தா 80 டாலரானது. 2024 நவம்பரில் ப்ளேஸ்டேஷன் 5 ப்ரோ 700 டாலருக்கு வந்தது. அதன் பெட்டிக்குள் டிஸ்க் ட்ரைவ் கிடையாது. அந்த 22 விநாடி வீடியோவில் அவ்வளவு நக்கலாகக் கைமாறிய டிஸ்க்கை அதில் போட்டு ஆட வேண்டுமென்றால், ட்ரைவைத் தனியாக 80 டாலர் கொடுத்து வாங்க வேண்டும்.