கடலில்லாத ஊர்க்காரர்கள் கடலைப் படிக்க வேண்டும்

"ஓசூர்ல இருந்துக்கிட்டு கடலப் படிச்சு என்னடா பண்ணப் போற? ஐ.டி.ஐ. முடிச்சமா, சிப்காட்ல சேந்தமான்னு இரு." நம்ம சேரிகளில் இப்படிச் சொல்லாத பெரியவர்கள் குறைவு. பிள்ளை சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்ற அக்கறையில் சொல்கிறார்கள். ஆனால் அந்த அக்கறைக்குள் பிறர் போட்ட கோடு ஒன்று கிடக்கிறது. எந்திரத்தை ஓட்டுவது நாம், வரைபடம் போடுவது அவர்கள். அந்தக் கோட்டை அழிக்காமல் விடுதலை என்று எதைப் பேசப் போகிறோம், தோழர்களே?

முதலில், கடல் நமக்குத் தூரமில்லை. நந்தி மலையில் பிறக்கிற தென்பெண்ணை கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி கடலூர் பக்கம் கடலில் சேர்கிறது. பெங்களூரின் கழிவு கெலவரப்பள்ளியில் நுரையாகப் பொங்குவதை நாம் பார்க்கிறோம். பார்க்காதது ஒன்றுண்டு. ஆறு தண்ணீரை மட்டுமல்ல, மணலையும் கொண்டு போகிறது. அந்த மணல்தான் கடற்கரைக்குச் சோறு. அணை பாதியை மறிக்க, மிச்சத்தை லாரிக்காரன் அள்ள, கரை பட்டினி கிடக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், கடலே இல்லாத ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. நிறுத்தி வைத்த வண்டிகள் வெள்ளத்தில் போயின. சாத்தனூரிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, கீழே விழுப்புரமும் கடலூரும் மூழ்கின. மலைமேட்டில் இருக்கிறோம், கடல் நம்மை என்ன செய்யும் என்று இனியும் சொல்ல முடியுமா?

இரண்டாவது, கடற்கரை மணலும் அரசியல் பேசுகிறது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல் கொட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். 1876இல் வேலை தொடங்கிய சென்னைத் துறைமுகத்தால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் உழைக்கும் சனத்தின் கரையைக் கடல் தின்றது. புதுச்சேரியிலும் 1980களின் இறுதியில் துறைமுகத் தடுப்புகள் வந்த பின் நகரத்துக் கடற்கரை காணாமல் போனது. நகரைக் காக்கக் கல் போட்டார்கள். அரிப்பு வடக்கே அடுத்தடுத்த மீனவ ஊர்களுக்கு நகர்ந்தது. தூண்டில் வளைவு எங்கே போடுவது, எந்த ஊரைக் காப்பது, எதை விடுவது என்பதெல்லாம் வெறும் கணக்கல்ல. அந்தக் கணக்கைப் போடுகிற மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே கேள்வி.

1990 முதல் 2016 வரையான செயற்கைக்கோள் படங்களை வைத்து, இந்தியக் கரையில் சுமார் 34 விழுக்காடு அரிக்கிறது என்று சென்னையிலுள்ள தேசிய கடலோர ஆய்வு மையம் கணக்குச் சொன்னது. அரிக்கிற கரையில் யார் யார் வாழ்கிறார்கள் என்பதைச் செயற்கைக்கோள் சொல்லாது. 2011ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர்களுக்கும் 'ஏனைய உள்ளூர்ச் சமூகங்களுக்கும்' வாழ்வாதாரப் பாதுகாப்பு என்றது. அந்த 'ஏனைய'வில்தான் நம்ம சனம் கிடக்கிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது இதன் விலையைப் பார்த்தோம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். நிவாரணத்துக்கு அளவுகோல் படகும் வலையும். கழிமுகத்தில் இறால் தடவியவர், மீன் சுமந்தவர், உப்பேறிய வயலில் கூலி இழந்தவர் ஆகிய தலித்துகளும் இருளர்களும் பட்டியலின் ஓரத்தில் நின்றார்கள். பிணம் அள்ள மட்டும் நம் துப்புரவுத் தொழிலாளரைத் தேடி வந்தார்கள். மீனவர்களோடு நமக்குச் சண்டையில்லை. அவர்களும் இழந்தவர்களே. 'கடலோர மக்கள்' என்றால் யார் என்று எழுதுகிற பேனாவோடுதான் சண்டை.

அந்தப் பேனா நம் பக்கம் எழுதியதும் உண்டு. தஞ்சை, நாகை வட்டாரத்தில் இறால் பண்ணைகள் வயலை உப்பாக்கி, கூலி வேலையை அழித்தபோது சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். போராட்டத்தில் பெருந்திரளாக நின்றவர்கள் நிலமற்ற தலித் பெண்கள். ஆனால் நீதிமன்றம் ஆய்வு செய்யச் சொன்னது நாக்பூரின் 'நீரி' விஞ்ஞானிகளை. அவர்கள் அறிக்கையும் சேர்ந்துதான் 1996 டிசம்பர் 11 தீர்ப்பு வந்தது. 2005இல் கடல்சார் நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச் சட்டம் போட்டு அதே பண்ணைகளுக்கு வாசல் திறந்தார்கள் என்பது வேறு கதை. முழக்கம் தெருவில் வேண்டும், அளவீடு கையில் வேண்டும். இரண்டும் நம்முடையதாக இருக்கட்டும்.

நான் இந்தப் படிப்பைப் படித்தவன். சேர்க்கை நேர்காணலில் ஒருவர், "ஓசூரா? உங்க ஊர்ல ஏரிதானே இருக்கு" என்று சிரித்தார். உதவித்தொகை வருவதற்குள் களப்பயணமே முடிந்துவிடும். படகு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கடன் வாங்கினேன். வேலை கொட்டிக் கிடக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். பல வேலைகள் திட்டம் முடிந்தால் முடிகிற ஒப்பந்த வேலைகள். ஆனால் சிப்காட்டில் மட்டும் எத்தனை பேருக்கு நிரந்தரம்?

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிற நம்ம பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் எடுக்கட்டும். புவியியலோ சிவில் பொறியியலோ முடித்து பரங்கிப்பேட்டை, அண்ணா பல்கலைக்கழகம், சென்னை ஐ.ஐ.டி. கதவுகளைத் தட்டட்டும். இட ஒதுக்கீட்டு இடங்கள் நிரம்புகிறதா, ஆய்வு மாணவர் பட்டியலில் நம்மவர் எத்தனை பேர் என்று மாணவர் அமைப்புகள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கட்டும். உதவித்தொகை களப்பயணத்துக்கு முன்னால் கைக்கு வர வேண்டும் என்று போராடட்டும்.

1927இல் மகாத் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்த அம்பேத்கர், 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து இந்த நாட்டின் நீர்ப்பாசன, மின்சாரக் கொள்கைக்கு அடித்தளம் போட்டார். தண்ணீரைத் தொடும் உரிமையும் தண்ணீரைத் திட்டமிடும் அறிவும் அவருக்கு வேறு வேறாக இருக்கவில்லை. குளத்தைத் தொட்டாயிற்று. உயர் ஓத எல்லையை வரைகிற கையில் நம்ம கையும் இருக்கட்டும்.