வளர்ப்பு என்னும் வசைச்சொல்

மாணவன் எதிர்த்துப் பேசினால் ஆசிரியர் அறையில் உடனே எழும் தீர்ப்பு, "வளர்ப்பு சரியில்லை." அவன் நெட்டுக்குப்பத்துப் பிள்ளை என்றால் அதற்கு மேல்முறையீடே கிடையாது.

பெற்றோரின் போக்கை டயானா பாம்ரிண்ட் 1966-இல் மூன்றாக வகுத்தார்: அடக்கி ஆள்வது, காரணம் சொல்லிக் கண்டிப்பது, கட்டவிழ்த்து விடுவது. இவற்றில் இரண்டாவதே சிறந்தது என்றார். பெற்றோரை அளக்கும் இக்கோலால் நாம் நம்மை ஏன் அளப்பதில்லை?

"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்" என்று ஒரு தகப்பனார் சொல்வது நம்மீதுள்ள நம்பிக்கையால். அதை அடிப்பதற்கான உரிமமாக்கியது ஆசிரியச் சமூகம். 2003-இல் தமிழக அரசு கல்வி விதிகளைத் திருத்திப் பிரம்படியை விலக்கியது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடுத்தது. பிரம்பு ஒளிந்துகொண்டது, "குப்பத்துப் புத்தி" என்னும் வசை மட்டும் ஒளியவில்லை.

2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து மீன்பிடித் தொழில் முடங்கியது. அம்மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். இக்கரையில் வளரும் பிள்ளை வகுப்பில் உறங்கினாலும் சீறினாலும், அது முழுதும் வளர்ப்பின் குறைதானா?

வீட்டில் காரணம் கேட்டுப் பழகாத பிள்ளைக்குக் காரணம் சொல்லிக் கண்டிக்கும் முதல் இடம் வகுப்பறையாக இருக்கட்டும். நமக்குச் சம்பளம் அதற்குத்தான்.