டம்மி தோட்டா போட்டுப் பார்த்தாச்சு, அப்புறம்?

வீட்டிலேயே ரைஃபிள் செய்யுற வீடியோ ஒண்ணாவது உங்க ஃபோனுக்கு வந்திருக்கும். மெக்கானிக்கல் பசங்களுக்குக் கண்டிப்பா வந்திருக்கும். கடைசி சீன் எப்பவும் ஒண்ணுதான்: டம்மி தோட்டாவைப் போட்டு, போல்ட்டை இழுத்து, வெளியே தள்ளிக் காட்டி, "டெஸ்ட் முடிஞ்சது, சேஃப்" என்பார்கள். அந்த "சேஃப்" என்ற வார்த்தையோடதான் எனக்குச் சண்டை.

இது எங்கேயோ அமெரிக்கா விஷயம்னு தள்ளிவிடாதீங்க. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கரிசல்காட்டில் மக்காச்சோளம் போட்டவங்களைக் கேட்டுப் பாருங்க. ஒரே ராத்திரியில் காட்டுப்பன்றிக் கூட்டம் வந்து உழப்பிட்டுப் போயிடும். மழையை மட்டும் நம்பி விதைச்ச காடு அது, வருஷத்துக்கு ஒரு வெள்ளாமை. "கையில ஒரு துப்பாக்கி இருந்தா..." என்ற பேச்சு டீக்கடையில் வரத்தான் செய்யும். லேத் தெரிஞ்ச பையன் பக்கத்தில் இருந்தா அந்தப் பேச்சு அவனைத்தான் பார்க்கும்.

சரி, டம்மி தோட்டா உண்மையில் எதைச் சொல்லுது? அதில் மருந்தும் கிடையாது, மருந்தைப் பத்தவைக்கிற பிரைமரும் கிடையாது. வடிவமும் கிட்டத்தட்ட எடையும்தான் நிஜம் மாதிரி. அதனால் தோட்டா உள்ளே போகுதா, வெளியே வருதா என்பது தெரியும். என்.சி.சி.யில் இருந்தவங்களுக்கு இது பழக்கம். லோட், அன்லோட் பழகுறதுக்கு அது அருமையான பொருள். ஆனா ராணுவ ரைஃபிள் தோட்டா வெடிக்கும்போது உள்ளே வளிமண்டல அழுத்தத்தைப் போல 3,500 மடங்குக்கும் மேல் ஏறும். கார் டயரில் நாம அடிக்கிற காற்று சுமார் 2 மடங்கு. அந்த அழுத்தத்தை இரும்பு தாங்குமா, ஹீட் ட்ரீட்மென்ட் சரியா, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கா? டம்மிக்கு இதெல்லாம் தெரியாது. அடுப்பைப் பத்தவைக்காம குக்கரை டெஸ்ட் பண்ற கதைதான். தாங்கலைன்னா, துப்பாக்கி வெடிக்கிற இடம் சுடுறவன் முகத்துக்கு ஒரு ஜாண் தள்ளி.

அதனாலதான் இங்கிலாந்தில் 1813-லேயே சட்டம் போட்டு பர்மிங்ஹாமில் தனி சோதனைச்சாலை வைத்தார்கள். அங்கே வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டு, குழலை யாரும் கையில் பிடிக்காம, தடுப்புக்கு அந்தப் பக்கம் வெடிக்க வைப்பார்கள். தாங்கினால்தான் முத்திரை. பாய்லருக்கு ஹைட்ரோ டெஸ்ட் படிச்சோமே, அதே யோசனை. வேலை அழுத்தத்தைவிட அதிகமா ஏத்துறோம், ஆனா நீராவிக்குப் பதிலா தண்ணீர். உடைஞ்சாலும் சிதறாது. ஆக, நிஜத்துக்குப் பதிலா வேறொன்றை வைத்து சோதிப்பது தப்பே இல்லை. எதைச் சோதிக்கணுமோ அதையே விட்டுட்டு, சோதிச்சாச்சுன்னு சொல்றதுதான் தப்பு.

இன்னொரு சிக்கல், டம்மி நிஜமாவே டம்மிதானா என்பது. 1993-ல் 'தி க்ரோ' படப்பிடிப்பில் ப்ரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ செத்தது இதனாலதான். நிஜத் தோட்டாவில் மருந்தை மட்டும் கொட்டிவிட்டு டம்மி ஆக்கியிருந்தார்கள், பிரைமர் உள்ளேயே இருந்தது. அது வெடித்து குண்டைக் குழலுக்குள் சிக்க வைத்தது. யாரும் கவனிக்கலை. பிறகு வெத்துத் தோட்டா போட்டு சுட்டப்போ சிக்கியிருந்த குண்டு பாய்ந்தது. 2021 அக்டோபரில் 'ரஸ்ட்' படத்தில் டம்மிகளோட நிஜத் தோட்டா கலந்துபோய் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். ஆயுதங்களுக்குப் பொறுப்பாக இருந்தவருக்கு 2024-ல் சிறைத்தண்டனை. தோட்டாவைப் பார்க்கவே சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்த இடம் அது! மோட்டார் ரூமில் நாம என்ன பண்ணுவோம்?

சட்டத்துக்கும் வருவோம். நம்ம மண்ணுக்கும் ஆயுதத் தடைக்கும் பழைய உறவு உண்டு. பாஞ்சாலங்குறிச்சி விழுந்த பிறகு, 1801 டிசம்பர் 1-ஆம் தேதி, பாளையக்காரர்கள் ஆயுதம் வைக்கவே கூடாதுன்னு கவர்னர் எட்வர்ட் கிளைவ் அறிவித்தார். அது நம்மை அடக்கப் போட்ட தடை, எனக்கும் கோபம் உண்டு. இப்போ இருக்கிற 1959 ஆயுதச் சட்டம் வேற. அதில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் உதிரி பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரமும் அடக்கம். "டம்மி மட்டும்தான் சார் போட்டேன்" என்பது ஸ்டேஷனில் எடுபடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாம தயாரித்தால் குறைந்தது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். கேம்பஸ் இன்டர்வியூ எல்லாம் அப்புறம்தான்.

அப்போ பன்றிக்கு என்ன வழின்னு விவசாயி கேட்டா, சட்டத்தை மட்டும் நீட்டுறது எனக்கும் பிடிக்கலை. காப்புக்காட்டிலிருந்து தள்ளி இருக்கிற இடங்களில் பன்றியைச் சுட 2025-ல் தமிழக அரசு ஆணை போட்டது. ஆனா சுட வேண்டியது வனத்துறை ஆட்கள். அவங்க வந்து சேர்றதுக்குள்ள கதிர் போயிடும் என்கிற கோபம் நியாயமானது. அதுக்காக அவுட்டுக்காய் வைக்கிறதும், வேலியில் திருட்டுக் கரண்ட் விடுறதும் பன்றியைவிட மாட்டையும் மனுஷனையும்தான் அதிகம் பயமுறுத்துது.

நம்ம டிபார்ட்மென்டில் சென்சார் இருக்கு, மைக்ரோ கன்ட்ரோலர் இருக்கு, குறைந்த மின்னோட்ட சோலார் வேலி பற்றிப் படிச்சவங்க இருக்காங்க. பன்றி ஒரே சத்தத்துக்கு நாலு நாளில் பழகிடும்னு எங்க ஊர்ல சொல்வாங்க, அதனால் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டா மட்டும் வேலைக்கு ஆகாது. ப்ராஜெக்ட் டைட்டில் தேடிக்கிட்டு இருக்கிற ஜூனியர்ஸ் யாராவது இதை எடுக்கிறதா இருந்தா சொல்லுங்க. விளாத்திகுளம் ரோட்டில் டெஸ்ட் பண்ண மக்காச்சோளக் காடு நான் காட்டுறேன். ராத்திரி தங்கணும், டார்ச் எடுத்துட்டு வாங்க.