பூவுக்கு எண் உண்டு, அவளுக்கு?

சட்டையில் தைக்கும் சிறு பூத்துண்டு வெளிநாட்டிலிருந்து வந்தால், சுங்க இலாகா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறது. நூலால் பூவேலை செய்ததா? 5810. பூவேலை இல்லாத துணி லேபிளா, பேட்ஜா? 5807. சுருளாக வரும் அலங்கார நாடாவா? 5808. இழை பிரித்து எண் போடுகிறது சர்க்கார்!

2022 பட்ஜெட்டில் ஏற்றுமதி ஆடைகளுக்கான இத்தகைய அலங்காரச் சாமான்களுக்கு வரிவிலக்கும் தந்தார்கள். ஏற்றுமதிக் கணக்கைக் காட்டினால் போதும், முதலாளிக்குச் சலுகை!

அந்தப் பூவைத் தைக்கும் திருப்பூர்ப் பெண்ணுக்கு என்ன சலுகை? பீஸ் ரேட்! வீட்டில் தைப்பவள் பெயர் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பி.எப். ஏது? இ.எஸ்.ஐ. ஏது?

வரிவிலக்கு கேட்கும் முதலாளி, தைத்தவளின் பெயரையும் கூலிக் கணக்கையும் காட்டட்டும்! காட்டாதவனுக்குச் சலுகை எதற்கு? ஒன்றுபட்டுக் கேட்போம்!