மாத்தளைக்குப் போன வழி

மலைநாட்டுப் பாதைகளுக்கு முடிவு பெரும்பாலும் மழைக்காலத்தில் வருகிறது. மேட்டு மண் நீரேறிக் கனத்துச் சரிந்து, வெட்டிய தடத்தையே பள்ளத்தில் தள்ளிவிட, பொறியியலாளர்கள் வேறொரு சரிவில் புதுத் தடம் வெட்டத் தொடங்குகிறார்கள். இலங்கையின் மன்னார்க் கரையில் தொடங்கி மாத்தளை மலையடிவாரத்தில் முடிந்த பாதைக்கு அந்த முடிவு நேரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், தமிழகத்து ஊர்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் நடந்து சென்றதும், ஆங்கில ஆவணங்களில் ‘வடபாதை’ எனப் பெயர்பெற்றதும், ஏறத்தாழ 240 கிலோமீற்றர் நீண்டதுமான அந்த வழி, ஒரு கல்லும் உருளாமல், ஒரு நிர்வாக முடிவினாலும் ஒரு கப்பல் வழியினாலும் வெறுமையாயிற்று.

கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தபின், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் மலைநாட்டுக்குப் பாதை அமைப்பதைத் தம் ஆட்சியின் முதற்பணியாக வைத்துக்கொண்டார். அவரது ஆதரவோடு 1820களில் கம்பளைப் பகுதியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டார். கொழும்பையும் கண்டியையும் இணைத்த பாதையின் பொறியியலாளர் டோசனுக்குக் கடுகண்ணாவையில் நெடிய கோபுரமொன்று நினைவாக நிற்கிறது. பழுத்த கோப்பியைக் கப்பலுக்குக் கொண்டுசெல்ல அந்தப் பாதை உதவியது. பழத்தைப் பறிக்கும் கைகள் எந்த வழியாக வரவேண்டும் என்பதில் தோட்டத்துரைமாரும் அரசும் அவ்வளவு அக்கறை கொள்ளவில்லை. அந்தக் கைகள் வந்த வழியே பாதையாயிற்று.

தொண்டி, தேவிபட்டினம், அம்மாபட்டினம், பாம்பன் முதலிய துறைகளில் தோணியேறியவர்கள் தலைமன்னார், பேசாலை, வங்காலை, அரிப்பு என மன்னார்த் தீவிலும் அதற்கெதிரான பெருநிலக் கரையிலும் இறங்கினர். இவற்றுள் அரிப்பு முத்துக்குளிப்புக்குப் பேர்போன துறை. சலாபம் எனப்படும் முத்துக்குளிப்புப் பருவத்தை மேற்பார்வையிட ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அங்கே கட்டிய மாளிகை, கடல் கரைமேட்டை அரித்து மண்ணைச் சரித்துக்கொண்டே வந்ததால், இன்று சில சுவர்களாக மட்டும் எஞ்சியிருக்கிறது. (இந்த வரலாற்றில் மண் சரிந்து அழிந்த கட்டடம் ஒன்றைக் காட்டச் சொன்னால், அது ஆளுநரின் மாளிகையாக இருப்பது சற்று வேடிக்கையானது.) கரையிறங்கியவர்கள் உயிலங்குளம், முருங்கன் பக்கமாக, அன்று தூர்ந்து கிடந்த கட்டுக்கரைக்குளத்தின் அயலைக் கடந்து, வன்னிக் காட்டுக்குள் நுழைந்து மதவாச்சியை அடைந்தனர், அங்கிருந்து தெற்கே திரும்பி மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு ஏறினர்.

கோப்பி ஆண்டு முழுவதும் ஆள் கேட்கும் பயிரன்று. அறுவடை ஆண்டின் பிற்பகுதியில் குவிவதால், அதற்கு முன்னரே தோட்டத்தை அடைய வேண்டியவர்கள், மன்னாரும் வன்னியும் மிக வறண்டு கிடக்கும் மாதங்களில் அந்நிலத்தைக் கடக்க நேர்ந்தது. குளங்கள் வற்றிச் சேறாகியிருந்த அக்காலத்தில் குடிநீரே நோய்க்கு ஊற்றாயிற்று. வாந்திபேதி ஒரு கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்துக்குப் பாதையோடு பாதையாகப் பரவியது. மலேரியாவும் பட்டினியும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. யானையும் சிறுத்தையும் வழிநடைக் கதைகளில் பெரிதாக இடம்பெற்றாலும், உயிர்களைப் பெருமளவில் கொண்டுபோனது தண்ணீர்தான்.

எத்தனை பேர் இறந்தனர் என்பது இன்றும் வாதத்துக்குரியது. 1840களில் வந்தோரில் நால்வருக்கு ஒருவர், அதாவது ஏறத்தாழ 70,000 பேர், மாண்டதாக ‘கொழும்பு ஒப்சர்வர்’ இதழ் அப்பத்தாண்டின் முடிவில் மதிப்பிட்டது. பின்னர் எழுதிய பலரும் அந்த எண்ணையே எடுத்தாண்டனர். இவ்வகை மதிப்பீடுகள் வந்தோர் தொகையையும் திரும்பியோர் தொகையையும் ஒப்பிட்டு, இடைவெளியை இறப்பாகக் கொள்பவை. கணக்கில் சிக்காமல் வேறு துறைகள் வழியே ஊர் திரும்பியோரையும், தோட்டத்தை விட்டு வேறு தொழில் தேடிப் போனோரையும் அவை இறந்தோர் பட்டியலில் சேர்த்துவிடும் என்பது பிற்கால ஆய்வாளர் சிலரின் மறுப்பு. மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும், ஏற்றுமதியான கோப்பியை அந்தர் கணக்கில் பிசகாமல் பதிந்துவைத்த ஓர் ஆட்சி, தன் தீவுக்குள் நடந்துவந்தவர்களின் சாவைக் கழித்தல் கணக்காகவே விட்டுச்சென்றது என்பதும் அதே வாதத்திலிருந்து தெரியவருகிறது. வழிநெடுகத் தங்குமடங்களும் கிணறுகளும் மருத்துவ வசதியும் பிற்காலத்தில் சிறிது சிறிதாக அமைந்தன.

இந்தக் கூட்டங்களை நடத்திவந்தவர் கங்காணி. ‘கண்காணி’ என்ற பழஞ்சொல்லின் திரிபான இப்பெயர், ஆள்சேர்ப்பவர், கடன்கொடுப்பவர், வேலைத்தலத்தில் மேற்பார்ப்பவர் ஆகிய மூவரையும் ஒருவருக்குள் அடக்கியது. தோட்டத்துரையிடம் முற்பணம் வாங்கி, தம் ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டி, வழிச்செலவையும் அவர்கள் பெயரிலேயே பற்று எழுதிக்கொண்டதால், மாத்தளையில் கால்வைத்தவர் வேலை தொடங்குமுன்னே கடனாளியாகியிருந்தார். அந்தக் கடன்தொகையைக் குறித்துத் துரை கொடுக்கும் ‘துண்டு’ கையில் இல்லாமல் வேறு தோட்டத்தில் சேர இயலாது. 240 கிலோமீற்றர் கடந்த கால்களை அடுத்த தோட்டத்துக்குப் போகவிடாமல் ஒரு காகிதத் துண்டு கட்டிப்போட்டது.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை மெல்ல அழிக்க, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும். ஆகவே பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பியவர்கள் குடும்பத்தோடு, தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயன் அறைகளில் தங்கலாயினர். இந்நிலையில் 1896இல் பம்பாயில் பிளேக் கண்டது. நோய் பரவும் என்ற அச்சத்தில் வடபாதை வழியான வருகை 1899இல் நிறுத்தப்பட்டு, தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்புக்கு வந்து, ராகமைத் தடுப்பு முகாமில் தங்கிச் செல்லும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. சிறிது காலத்தில், சேரவேண்டிய தோட்டத்தின் எண்ணைப் பொறித்த தகரத் துண்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கப்பட்டது. வழி பற்றிய அறிவே தேவைப்படாத பயணம் அது; எண் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் இருப்புப்பாதையும் திறக்கப்பட, தனுஷ்கோடியிலிருந்து கப்பலேறித் தலைமன்னாரில் புகையிரதம் பிடிக்கும் வழி உருவானது. மதவாச்சிவரை அந்த இரும்புத்தடம் பழைய கால்தடத்தையே ஏறத்தாழ ஒட்டிச் சென்றது. அதே தடம் அரைநூற்றாண்டுக்குப்பின் எதிர்த்திசையில் நிரம்பியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்க, 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அடுத்த இரு மாதம் முடியுமுன், டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஆகவே அனுப்பப்பட்டவர்களின் கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. மலையகத்திலிருந்து அவர்களை ஏற்றித் தலைமன்னாருக்கு இறங்கிய வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. ‘கோச்சி’ என்பது மலையகத் தமிழில் புகையிரதம். அந்தப் பெயருக்கு விளக்கம் வேண்டியதில்லை.

1980களில் உள்நாட்டுப் போர் கப்பலை நிறுத்தியது. 1990இல் மன்னார்ப் பாலமும் இருப்புப்பாதையும் சிதைந்தன. பாலம் 2010இலும் தலைமன்னார் புகையிரதம் 2015 மார்ச்சிலும் மீண்டன, கப்பல் மீளவில்லை. பழைய வழியின் மேல் இன்று ஏ14, ஏ9 நெடுஞ்சாலைகளின் தார் கிடக்கிறது. மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவையொட்டி, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபவனி அந்தத் தாரின்மேல் நடந்து ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையை அடைந்தது. அது முன்வைத்த கோரிக்கைகளில் காணியும் வீடும் இருந்தன. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு இறங்கி லயன் அறைகளை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. அங்கே குடியிருந்தவர்களுக்கு, பெயர்ந்து போய்ச் சேரச் சொந்தக் காணி என்று ஒன்று இருக்கவில்லை.