வாசலில் நிறுத்தப்படும் நோயாளி

வீடற்றோர் தங்கும் விடுதிகளில் காசநோய்ப் பரிசோதனையைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற குரல் மேலை நாடுகளில் அவ்வப்போது எழுவதுண்டு. நோயில்லை என்ற அத்தாட்சியைக் காட்டினால்தான் படுக்கை என்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். பலர் நெருங்கிப் படுத்துறங்கும் மண்டபத்தில் ஒருவர் இருமினால் எல்லோருக்கும் ஆபத்து அல்லவா? ஆனால், வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர் எங்கே போவார் என்ற கேள்விக்கு இந்த வாதத்தில் விடையில்லை. அவர் நடைபாதைக்குப் போவார். நோயும் அவரோடு போகும்.

நியூயோர்க் நகரம் இதனைப் பெரும் விலை கொடுத்தே கற்றது. காசநோய் ஒழிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் 1970களில் அதற்கான நிதி வெட்டப்பட்டது. 1980களில் வீடற்றோர் பெருகினர்; நூற்றுக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ் உறங்கினர்; எச்.ஐ.வி. தொற்றும் சேர்ந்துகொண்டது. 1992இல் மட்டும் 3,811 பேர் காசநோயாளராகப் பதிவாகினர். ஹார்லெம் வைத்தியசாலையில் சிகிச்சை தொடங்கி வெளியேறிய 178 பேரில் 89 வீதத்தினர் சிகிச்சையை முடிக்காமலே தொடர்பறுந்து போயினர் என்பதை 1991இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. வீடு திரும்பியோர் என்று அவர்களைக் குறிப்பிட முடியவில்லை. பெரும்பாலானோருக்கு நிலையான வீடே இருக்கவில்லை. நோயாளி இருக்குமிடத்துக்கே சுகாதார ஊழியர் சென்று, மாத்திரை விழுங்கப்படுவதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யும் முறை விரிவாக்கப்பட்ட பின்னரே நோயாளர் தொகை சரியத் தொடங்கியது.

இலண்டன் நகரம் இதே வழியில் இன்னொரு படி முன்னே சென்றது. எக்ஸ்ரே கருவி பொருத்திய வாகனமொன்று 2005ஆம் ஆண்டுமுதல் அங்கு வீடற்றோர் விடுதிகளின் வாசலுக்கே செல்கிறது. முன்பதிவு வேண்டியதில்லை, சில நிமிடங்களில் படம் பார்க்கப்பட்டுவிடும். முன்னர் வீடற்றிருந்து இந்நோயை வென்றவர்கள் சிலரும் அப்பணியில் இணைந்து, தயங்குவோரிடம் பேசுகின்றனர். தெருவில் வாழ்பவர் தமது இருமலைக் குளிரின் குற்றமென்றோ புகைத்தலின் குற்றமென்றோ எண்ணி வைத்தியரை நாடமாட்டார். ஆகவே வைத்தியம்தான் அவரை நாடவேண்டும். வீடற்றோர் போன்ற பிரிவினரிடம் நோயைத் தேடிச் சென்று கண்டறிவதை 2021இல் உலக சுகாதார நிறுவனமும் தனது வழிகாட்டலில் ஆதரித்தது.

ஆனால், படம் எடுப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. வழமையான சிகிச்சைக்கே ஆறு மாதங்கள் வேண்டும். இன்று ஒரு விடுதியிலும் நாளை ஒரு பாலத்தின் கீழும் உறங்குபவர் ஆறு மாத மருந்தை எங்கே வைத்திருப்பார்? இடையில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமியே மிஞ்சும். சிகிச்சை முடியும்வரை வீடற்ற நோயாளிக்குத் தங்குமிடம் வழங்கவேண்டும் என இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டல்களே கூறுகின்றன. எனினும், பொது நிதியைப் பெற உரிமையில்லை என்று குடிவரவுச் சட்டம் முத்திரை குத்தியவர்களுக்கு அந்தத் தங்குமிடம் எளிதில் கிட்டுவதில்லை. அவர்களுக்கும் காசநோய்ச் சிகிச்சை அங்கு இலவசம். ஆனால் கூரை இல்லை. மருந்தை ஒரு கையாற் கொடுத்து, அதன் பயனை மறு கையாற் பறிப்பதற்கு இது ஒப்பாகும்.

தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, நண்பர்களின் வீடுகளிலும் வேலைத்தலங்களிலும் மாறி மாறி உறங்கிய எம்மவர் கதைகளைப் புலம்பெயர்ந்த வாசகர்கள் நன்கறிவார்கள். இது எமக்குத் தொடர்பில்லாத விவகாரமன்று. காசநோய் என்றாலே குடும்பத்தின் மானம் போய்விடும் என அதனை மறைக்கும் வழக்கமும் எம்மிடையே இன்னும் முற்றாக மறையவில்லை.

இங்கிலாந்தில் 2024ஆம் ஆண்டில் காசநோயாளர் தொகை 5,400ஐத் தாண்டி, முந்திய ஆண்டைவிட உயர்ந்திருந்தது. குணப்படுத்தக்கூடிய ஒரு நோய் இவ்வாறு பெருகுகையில், அத்தாட்சி கேட்டு வாசலை அடைப்பது தீர்வாகாது. பரிசோதனை விடுதிக்குள் செல்லட்டும். நோய் கண்டறியப்பட்டவருக்கு, குணமாகும்வரை, எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று கேளாமல் ஓர் அறை கொடுக்கப்படட்டும். அந்த அறை அவருக்குக் காட்டும் கருணை மட்டுமன்று; அவரோடு அதே காற்றைச் சுவாசிக்கும் அனைவருக்குமான பாதுகாப்பும் அதுவே.