மரக்கரண்டிக்கு எந்தப் பூச்சு?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மகளிர் குழு ஒன்று கேட்டிருக்கிறது: "வேம்பு, புளிய மரத்தில் கரண்டி, தோசைத் திருப்பி, மத்து செய்து விற்கிறோம். கடலை எண்ணெய் தடவிக் கொடுத்ததில் சிக்கு வாடை அடிக்கிறது என்று சிலர் திருப்பித் தந்துவிட்டார்கள். வார்னிஷ் அடிக்கலாமா? அம்பாசமுத்திரம் சொப்பு மாதிரி அரக்கு பூசலாமா?"

பதில்: கடலை எண்ணெய் மரத்துக்குள் இறுகாது. பிசுபிசுப்பாகவே கிடந்து கெடும். வாடை அதனால்தான்.

சொப்புச் சாமானுக்கு அரக்கு அருமையான பூச்சு. கடைசலில் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராயும் சூட்டிலேயே உருகிப் பிடித்துக்கொள்ளும். சூட்டில் பிடித்தது சூட்டில் விடும். சுமார் 80 டிகிரியிலேயே அரக்கு இளகிவிடும். கொதிக்கிற குழம்போ 100 டிகிரி. அரக்கு விஷமல்ல, மாத்திரைகளின் மேல்பூச்சில்கூட உண்டு. ஆனாலும் அடுப்பில் புழங்கும் கரண்டிக்கு ஆகாது. கடை வார்னிஷும் வேண்டாம்; சூடும் தேய்ப்பும் பட்டால் செதில் செதிலாக உரிந்து சாப்பாட்டில் விழும்.

ஏற்றது ஆளி விதை எண்ணெய். இது காற்றுப் பட்டு மரத்துக்குள்ளேயே இறுகும். சாப்பிடுவதற்கென்று விற்கும் செக்கு எண்ணெயாகப் பார்த்து வாங்க வேண்டும். பெயிண்ட் கடையில் 'காய்ச்சிய' எண்ணெய் என்று கிடைப்பதில், சீக்கிரம் உலர்வதற்காக உலோக உப்புகள் கலந்திருக்கும். அதைத் தொடவே கூடாது.

பச்சை மரத்தில் பூசிப் பயனில்லை. நிழலில் நன்றாகக் காய்ந்த கரண்டியை உப்புத்தாள் போட்டு, தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, எழும்பும் சிலும்பை மறுபடி தேய்க்க வேண்டும். பிறகு எண்ணெயை மெல்லியதாகத் தடவி, அரை மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டு, சில நாள் காற்றாட விட வேண்டும். இப்படி மூன்று தடவை. முழுதாக இறுக மூன்று, நான்கு வாரமாகும். அவசரப்பட்டால் மறுபடி பிசுபிசுப்புதான்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துப் போட வேண்டும்.

தேன்மெழுகு 64 டிகிரிக்குள் உருகிவிடும் என்பதால் கரண்டிக்கு வேண்டாம். பூரிக்கட்டை, காய் நறுக்கும் பலகைக்குப் பூசலாம். ஒரு பங்கு மெழுகுக்கு நான்கு பங்கு ஆளி விதை எண்ணெய் சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கினால் போதும்.

காத்திருக்க முடியாத குழு ஒன்றுமே பூசாமலும் விற்கலாம். சிரட்டை அகப்பைக்கு எந்தப் பூச்சும் கிடையாது. தலைமுறை தலைமுறையாகப் புழங்குகிறது. விற்கும்போது ஒரு துண்டுச் சீட்டு மட்டும் வைக்கட்டும்: 'தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், கழுவியதும் நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள்.'